அப்பாயி மறந்ததும் மறக்காததும்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு டியூட்டி வந்துவிடும், எனக்கும் சொல்ல வந்தது விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன். ஜெர்மனியில் உங்கள் ஊர்த் தொங்கு ரயிலில் போகும்போது நிதானமாகப் படி.

நீ பேசியதில் இரண்டு பயம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. ஜெர்மன் வார்த்தைகள் எவ்வளவு படித்தாலும் நிற்பதில்லை, "எனக்கு ஞாபக சக்தியே கிடையாதும்மா" என்கிறாய். அடுத்த மூச்சிலேயே, வீடியோ காலில் அப்பாயி உன்னைப் பார்த்து "யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டதைச் சொல்லி, "எனக்கும் இப்பவே அது ஆரம்பமாயிடுச்சோ" என்று அழுகிறாய். கண்ணு, இது வேறு, அது வேறு. அப்பாயிக்கு வந்திருப்பது அல்சைமர் என்ற மறதி நோய் என்று நரம்பு டாக்டர் சொன்ன நாளிலிருந்து கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததில் எனக்குத் தெளிவானதை உனக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஞாபக சக்தி என்று ஏதோ ஒரே ஒரு சக்தி இருப்பதுபோலவும், அது சிலருக்குக் கூடுதலாகவும் சிலருக்குக் குறைவாகவும் அமைந்திருப்பதுபோலவும்தான் நாம் பேசுகிறோம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். டானிக் விளம்பரத்திலும் அதைத்தான் சொல்கிறார்கள். அது சரியில்லை. நினைவில் பல விதம் உண்டு. ஒவ்வொன்றும் மூளையின் வெவ்வேறு பகுதிகளை நம்பி நடக்கிறது. ஒன்று கெட்டால் மற்றதும் கெட்டாக வேண்டும் என்பதில்லை. இதை டாக்டர்களுக்கே புரியவைத்தது ஒரு மனிதரின் வாழ்க்கைதான்.

அவர் பெயர் ஹென்றி மோலேசன். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்துக்காரர், 1926-ல் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே வலிப்பு. எந்த மருந்துக்கும் அடங்காமல், ஒரு வேலையில் நிலைக்க முடியாத அளவுக்கு முற்றிவிட்டது. 1953-ல், அவருடைய 27-வது வயதில், ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவர் மூளையின் இரண்டு பக்கத்திலும் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஆழத்தில் இருக்கும் பகுதியை எடுத்துவிட்டார். ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பில் ஒரு பெரிய பகுதி அதோடு போயிற்று. சுண்டுவிரல் அளவுதான் இருக்கும் அது. அது எதற்காக இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது. (ஹார்ட்ஃபோர்ட் என்று படித்ததும் எனக்குப் பழகிய ஊர்போலத் தோன்றியது. அண்டர்வுட், ராயல் என்ற இரண்டு டைப்ரைட்டர் கம்பெனிகளும் அந்த ஊரில்தான் பெரிய தொழிற்சாலை வைத்திருந்தன.)

வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து புதிதாக எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. காலையில் என்ன சாப்பிட்டார் என்று தெரியாது. பேசிக்கொண்டிருக்கும் நர்ஸ் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தால் புது ஆள். மான்ட்ரியாலிலிருந்து பிரெண்டா மில்னர் என்ற உளவியல் ஆய்வாளர் பல வருஷம் அவரிடம் போய்வந்தார். போகும்போதெல்லாம் முதல் முறை பார்ப்பதுபோலத்தான் ஹென்றி வணக்கம் சொல்வார். அறிவு மழுங்கவில்லை, நன்றாகப் பேசுவார், குறுக்கெழுத்துப் போட்டி போடுவார். சின்ன வயதில் நடந்தது தெரியும், அப்பா அம்மா யார் என்று தெரியும். புதிய நாள் ஒன்றுகூட உள்ளே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் மில்னர் அவருக்கு ஒரு விளையாட்டுக் கொடுத்தார். காகிதத்தில் ஒரு நட்சத்திரம், இரட்டைக் கோட்டில் வரைந்தது. அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் பென்சிலால் சுற்றி வரவேண்டும். ஆனால் கையையும் காகிதத்தையும் நேராகப் பார்க்கக்கூடாது, கண்ணாடியில் பார்த்துத்தான் வரையவேண்டும். நீயும் செய்து பார், கை எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஹென்றிக்கும் முதலில் கோணல்மாணலாகத்தான் வந்தது. மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்கள். மூன்றாம் நாள் கோடு விலகாமல் சுத்தமாக வரைந்தார். ஆனால் இப்படி ஒரு விளையாட்டை ஆடிய நினைவே அவருக்கு இல்லை. நினைத்ததைவிடச் சுலபமாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டாராம்.

கயல், இதைப் படித்த அன்றைக்கு நான் வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கைக்குத் தெரிந்திருக்கிறது, ஆளுக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் கை கற்றுக்கொள்வதற்கு மூளையில் வேறு வழி இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் இல்லாமலே அந்த வழி நடக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் சில முடிச்சுகளும், பின்பக்கத்தில் இருக்கும் சிறுமூளையும் அந்த வேலையைப் பார்க்கின்றன என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

ஹென்றி 2008-ல், 82 வயதில் இறந்தார். அதுவரை அவரை எச்.எம். என்ற இரண்டு எழுத்தால்தான் உலகத்துக்குத் தெரியும், பெயரை ரகசியமாக வைத்திருந்தார்கள். பிறகு சான் டியேகோவில் அவர் மூளையை 2401 மெல்லிய சீவல்களாகச் சீவிப் பாதுகாத்தார்கள். ஐம்பது வருஷத்துக்கும் மேலாகச் சலிக்காமல் எத்தனையோ சோதனைக்கு உட்கார்ந்து கொடுத்த மனிதர். அவருக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம் என்றே நினைக்கிறேன்.

கை நினைவு எனக்குப் புதிதில்லை, அதை வைத்துத்தானே இத்தனை வருஷம் சாப்பிட்டேன். நம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாள் வரும் பிள்ளைக்கு "யளனகபக" அடிக்கச் சொல்லுவோம். சுண்டுவிரல் எழும்பாது, மோதிரவிரல் பக்கத்துக் கட்டையை மிதிக்கும், பாதிப் பக்கம் தாண்டுவதற்குள் மணிக்கட்டு வலிக்கிறது என்பார்கள். அதே பிள்ளை சீனியர் பரீட்சைக்குப் போகும்போது கண் பேப்பரில் இருக்கும், விரல் அதுபாட்டுக்கு ஓடும். அப்போது கூப்பிட்டு, "ந எந்தக் கட்டையில் இருக்கிறது?" என்று கேட்டுப் பார். முழிப்பார்கள். விரலை மேஜைமேல் வைத்து அடிக்கிற மாதிரி அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இதையே 2014-ல் சோதித்திருக்கிறார்கள். வேகமாக டைப் அடிக்கிறவர்களிடம் வெற்றுக் கீபோர்டு படத்தைக் கொடுத்து எழுத்துகளை நிரப்பச் சொன்னால், 26-ல் சராசரியாக 15-தான் சரியாக வந்தது. விரல் அறிந்ததை வாய் அறியாது.

இனி அப்பாயி கதைக்கு வருகிறேன்.

போன வெள்ளிக்கிழமை முல்லை வாங்கி வந்து முறத்தில் கொட்டினேன். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துப் பக்கத்தில் வைத்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பாயி தானாக முறத்தை இழுத்துக்கொண்டார்கள். நாரைக் கிழித்து ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டினார்கள். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் காம்போடு காம்பு சேர்த்து வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி விரலால் கண்ணி போட்டு இழுத்தார்கள். காம்பு நசுங்கவில்லை, இடைவெளி இல்லை. நான் கட்டினால் வருகிற தொளதொளப்பு அதில் கொஞ்சமும் கிடையாது. கட்டி முடித்து முழம் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்கள், "இதை யார் கட்டுனா? நல்லாக் கட்டிருக்காளே."

அல்சைமர் நோயில் முதலில் அடிபடுவது ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டிய பகுதியும்தான். ஹென்றியிடம் டாக்டர் ஒரே நாளில் எடுத்ததை இந்த நோய் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. அதனால்தான் காலையில் சாப்பிட்ட இட்லி முதலில் போகிறது, திருவெண்காட்டில் வயல்வரப்பில் ஓடிய சிறுவயது வெகுநாள் நிற்கிறது. பழைய நினைவுகள் காலப்போக்கில் மூளையின் மேற்புறணியில் பல இடங்களில் பரவி வேர்பிடித்துவிடுகின்றன, அதற்குப் பிறகு அவற்றுக்கு ஹிப்போகாம்பஸின் உதவி அவ்வளவாக வேண்டியதில்லை என்கிறார்கள். புதியவைக்குத்தான் அந்த உதவி வேண்டும். அப்பாயிக்கு நீ பாவாடை சட்டை போட்ட கயலாகத்தான் இருக்கிறாய். கோட்டு போட்டுக்கொண்டு, முடியைக் கத்தரித்துக்கொண்டு, போன் திரையில் தெரிகிற பெண் புதியவள். உன்னை மறக்கவில்லை, புதிய உன்னை உள்ளே எடுத்துவைக்க முடியவில்லை. இந்த வித்தியாசம் உனக்கு ஆறுதலாக இருக்குமோ இல்லையோ, எனக்கு இருந்தது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கனடாவில் இருந்த என்டல் டல்விங் என்ற அறிஞர் 1972-ல் சொன்னது. நமக்கு நடந்ததை நாமே போய்ப் பார்ப்பதுபோல நினைப்பது ஒன்று, நிகழ்ச்சி நினைவு. எங்கே எப்போது தெரிந்துகொண்டோம் என்ற அடையாளம் இல்லாமல் வெறும் தகவலாக அறிந்திருப்பது இன்னொன்று, பொருள் நினைவு. காவிரி குடகில் பிறக்கிறது என்பது உனக்குத் தெரியும். அதை எந்த வகுப்பில், எந்த டீச்சர் சொன்னார் என்று தெரியாது. டல்விங் ஆராய்ந்த கே.சி. என்ற மனிதருக்கு 1981-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளையில் அடிபட்டது. அதன் பிறகு தகவல் எல்லாம் இருந்தது, வாழ்ந்த நினைவு ஒன்றுகூட இல்லை. சதுரங்கம் ஆடத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும், ஆனால் யாரோடாவது உட்கார்ந்து ஆடிய ஒரு ஆட்டம் நினைவில்லை. அப்பாயியும் இப்போது "எனக்கு மூணு புள்ளைங்க" என்று சரியாகச் சொல்வார்கள். மூன்றாவது பிரசவம் எப்படி நடந்தது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். முன்பு அந்தக் கதையை மழை, மாட்டுவண்டி, மருத்துவச்சி என்று ஒன்று விடாமல் சொல்வார்கள், உனக்கே ஞாபகம் இருக்கும்.

பாட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. அபிராமி அந்தாதியில் முதல் பாட்டு "துணையே" என்று முடியும், இரண்டாவது "துணையும்" என்று தொடங்கும். நூறு பாட்டும் அப்படியே ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகும், நூறாவது முடிந்தால் மறுபடி முதலுக்கே கொண்டுவந்து விடும். ஏடு பார்த்துப் படிக்க முடியாதவர்களும் மனதில் வைத்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்கிறதா? திருக்கடையூர் சன்னதியில் கேட்டுக் கேட்டுக் கற்றவர்கள் அப்பாயி. நடுவில் நின்றால் நான் கடைசி வார்த்தையை மட்டும் எடுத்துக் கொடுக்கிறேன், அடுத்த பாட்டு வந்துவிடுகிறது. நினைவுக்கு ஒரு நுனி கிடைத்தால் போதும் என்பதை அந்தக் காலத்திலேயே தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். இந்த அறிவைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

அப்புறம், நீ கேட்டாயே, "அவங்களுக்குத்தான் பத்து நிமிஷத்துல மறந்துபோயிடுதே, நான் பேசி என்ன ஆகப்போகுது" என்று. இதற்குத்தான் முக்கியமாகப் பதில் எழுத நினைத்தேன். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் ஹிப்போகாம்பஸ் சேதமானவர்களுக்குச் சோகப் படக் காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் என்ன பார்த்தோம் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. ஆனால் பார்த்ததால் வந்த துக்கமும் சந்தோஷமும் அவர்களுக்குள் நீடித்தன. 2010-ல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். பிறகு அல்சைமர் நோயாளிகளிடமும் அதையே கண்டார்கள். காரணம் போய்விடுகிறது, மனநிலை தங்குகிறது. நீ பேசி வைத்த பிறகு யார் பேசியது என்று அப்பாயிக்குத் தெரியாது. ஆனால் அன்று சாயங்காலம் பூராவும் மருந்துக்கு முகம் சுளிக்காமல் வாய் திறந்தார்கள். நீ பேசாத வாரத்துக்கும் பேசிய வாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் பார்க்கிறேன் கயல். அதனால் பேசு. "நான் யாருன்னு தெரியுதா?" என்று மட்டும் கேட்காதே, அது அவர்களுக்குப் பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது, முகம் சுருங்கிவிடுகிறது. "அப்பாயி, நான் கயல்" என்று நீயே சொல்லிவிட்டு, திருவெண்காட்டு வீட்டைப் பற்றி எதையாவது கேள். பேச்சு தானாக வரும்.

சரி, உன் ஜெர்மனுக்கு வருவோம்.

நீ இருக்கிற வூப்பர்டால் ஊர் சாதாரண ஊர் இல்லை. மறதியை முதன்முதலாக அளந்து பார்த்த ஹெர்மன் எபிங்ஹாஸ் 1850-ல் பிறந்தது பார்மெனில். அன்று அது தனி ஊர், 1929-ல்தான் மற்ற ஊர்களோடு சேர்த்து வூப்பர்டால் ஆக்கினார்கள். நீ தினமும் அந்தப் பக்கம்தான் போய்வருகிறாய். அந்த மனிதர் அர்த்தமே இல்லாத அசைகளை ஆயிரக்கணக்கில் உண்டாக்கி, தன்னையே வைத்துச் சோதனை செய்தார். மனப்பாடம் செய்வது, விடுவது, திரும்பப் படிப்பது, திரும்பப் படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிடுவது. 1885-ல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். ஆனால் அதற்குப் பிறகு சரிவு மெதுவாகிவிடுகிறது, ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. அவருக்கே இப்படி என்றால், முந்தின நாள் ராத்திரி படித்த நாற்பது வார்த்தையில் காலையில் பத்துதான் வருகிறது என்று நீ அழலாமா? அது நோய் இல்லை, எல்லா மனித மூளைக்கும் உள்ள இயல்பு.

அவர் அளந்த விதத்திலேயே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. வாயில் வராத வார்த்தையும் முழுக்கப் போய்விடவில்லை, அதனால்தான் இரண்டாம் முறை படிக்க நேரம் குறைகிறது. மறந்துபோயிற்று என்று நீ நினைக்கிற வார்த்தை பாதி வழியில் உனக்காக நிற்கிறது. அடுத்த நாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்த்தால் நிற்கும். ஒரே ராத்திரியில் இருபது முறை படித்தால் நிற்காது.

எப்படிப் படிப்பது என்பதிலும் ஒன்று சொல்லவேண்டும். நீ நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிக்கிறாய், பத்தாம் வகுப்பிலிருந்தே உன் வழக்கம் அது. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இருவர் 2006-ல் மாணவர்களை இரண்டு விதமாகப் படிக்கவைத்தார்கள். சிலர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷத்தில் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் நன்றாகவே முந்திவிட்டார்கள். வாசிக்கும்போது தெரிந்த மாதிரி இருக்கும், அந்த "தெரிந்த மாதிரி"தான் ஏமாற்றுகிறது. நோட்டை மூடு. தமிழ் வார்த்தையைப் பார்த்து ஜெர்மன் வார்த்தையை எழுது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டெர், டீ, டாஸ் மூன்றில் எது என்பதையும் சேர்த்தே எழுது. தப்பாக வந்தால் வரட்டும், தேடித் தவித்து எடுத்த வார்த்தைதான் தங்கும்.

இன்னொன்று, வார்டில் சீனியர் நர்ஸ் ஒரே மூச்சில் ஐந்தாறு வேலை ஜெர்மனில் சொன்னால் கடைசி இரண்டு மட்டும்தான் மனதில் நிற்கிறது என்றாயே, அது முற்றிலும் வேறு வகை. ஓடிபி வந்தால் டைப் அடிக்கும்வரை மனதில் பிடித்து வைத்திருக்கிறோமே, அந்தக் குறுகிய கால நினைவு. ஹென்றிக்கும் அது கெடவே இல்லை. கவனம் கலையாதவரை எண்களைத் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பிடித்து வைத்திருப்பார், கலைந்தால் போயிற்று. ஜார்ஜ் மில்லர் என்ற உளவியல் அறிஞர் 1956-ல் ஏழு விஷயம், கூடக் குறைய இரண்டு என்று கணக்குச் சொன்னார். பிறகு வந்தவர்கள் சலித்துப் பார்த்துவிட்டு நாலுதான் என்கிறார்கள். அதிலும் அந்நிய மொழி என்றால் புரிந்துகொள்ளவே பாதி இடம் போய்விடும். மொழி பழகப் பழக இடம் தானாகக் கிடைக்கும். அதுவரை சட்டைப்பையில் சின்ன நோட்டு வைத்துக்கொள், "ஒருமுறை எழுதிக்கொள்கிறேன்" என்பதை ஜெர்மனில் சொல்லக் கற்றுக்கொள். நோயாளி உயிர் விஷயத்தில் எழுதி வைப்பது எந்த ஊரிலும் கௌரவக் குறைச்சல் இல்லை.

தூக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. பகலில் படித்ததை மூளை எடுத்து அடுக்குவது தூக்கத்தில்தான். நைட் டியூட்டி முடிந்து வந்து, காபி குடித்துவிட்டுப் படிக்க உட்காராதே. தூங்கி எழுந்து படி. நேரம் வீணாகிறது என்று நினைக்காதே, படிப்பின் மறுபாதி அதுதான்.

அப்பாயி நோய் உனக்கு வருமா என்றால், வயதான காலத்தில் வரும் அல்சைமர் பெரும்பாலும் நேரடியாகத் தாத்தா பாட்டியிடமிருந்து இறங்கி வருவதில்லை. குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். இருபத்தெட்டு வயதில், தூக்கமில்லாமல், அந்நிய மொழியில் வேலை பார்க்கிறவளுக்கு வரும் மறதிக்கு அதைக் காரணம் சொல்லாதே.

கடைசியாக, அன்று குரூப் காலில் நீயும் அண்ணனும் போட்ட சண்டை. சுனாமி அன்று தரங்கம்பாடியிலிருந்து பெரியம்மா நனைந்த சேலையோடு நம் வாசலில் வந்து நின்றதைக் கண்ணால் பார்த்தேன் என்கிறாய் நீ. அவர்கள் மறுநாள்தான் லாரியில் வந்தார்கள், சேலை காய்ந்துதான் இருந்தது என்கிறான் அவன். எனக்கோ, 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வேனில் வந்து இறங்கியதுதான் கண்ணில் நிற்கிறது. மூவரும் சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறோம். மூவரும் சரியாக இருக்க வழியில்லை.

1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையிலேயே உல்ரிக் நைசர் என்ற பேராசிரியர் தன் மாணவர்களிடம், செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை வருஷம் கழித்து அதே கேள்விகளைக் கேட்டார். ஏறத்தாழ கால்வாசிப் பேர் சொன்னது, முதலில் எழுதியதோடு ஒரு விவரத்தில்கூட ஒத்துப்போகவில்லை. அப்படியும் உறுதியாகச் சொன்னார்கள். அவர்கள் கையெழுத்தையே எடுத்துக் காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை, புதியதுதான் நின்றது. எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியல் ஆய்வாளர் 1974-ல் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, கார்கள் "இடித்தபோது" என்ன வேகம் என்று சிலரிடமும், "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டால், "நொறுங்கிய" என்று கேட்கப்பட்டவர்களில், "இடித்த" என்று கேட்கப்பட்டவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேற்பட்டவர்கள் "பார்த்தோம்" என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

நினைவு என்பது தினமும் வாசலில் போடுகிற கோலம் மாதிரிதான். புள்ளி பழசாக இருக்கும், இழையை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் இழுக்கிறோம். சுனாமிக்குப் பிறகு எத்தனை நாள் டிவியில் அந்தப் படங்களையே பார்த்தோம், எத்தனை பேர் வந்து உட்கார்ந்து எத்தனை கதை சொன்னார்கள்! உனக்கு ஏழு வயது. அதில் எந்த இழை எங்கிருந்து வந்தது என்று இப்போது யாரால் பிரிக்க முடியும்? அண்ணன் பொய் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. அப்பாயி, செத்துப்போன தாத்தா கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லும்போது நான் திருத்துவதில்லை. நாம் எல்லோரும் செய்வதைத்தான் அவர்களும் செய்கிறார்கள், புள்ளிகள் கொஞ்சம் அதிகமாக அழிந்திருக்கின்றன.

அதனால் ஒரு வேலை வைக்கிறேன். அந்த நாளைப் பற்றி நினைவில் உள்ளதை நீ ஒரு தாளில் எழுது, அண்ணன் தனியாக எழுதட்டும், இருவரும் போனில் பேசிக்கொள்ளாமல் எழுதவேண்டும். பெரியம்மாவிடம் நான் கேட்டு எழுதிக்கொள்கிறேன், அவர்கள்தான் அலையைப் பார்த்தவர்கள். அப்பா அன்றைக்கு நாகப்பட்டினம் பக்கம் போயிருந்தார், அவரும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். என்னுடையதை எழுதி ஒட்டி வைத்துவிட்டேன். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்வதற்கு இல்லை. அந்த நாள் ஒவ்வொருவரிடமும் என்னவாக இருக்கிறது என்று இந்த வீட்டில் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து படிக்கவேண்டும். பொங்கலுக்கு நீ வரும்போது வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: லீவு கிடைக்கிற அன்று ரத்தப் பரிசோதனை செய்து பி12, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடு. இரண்டில் எது குறைந்தாலும் மறதி வரலாம், பெரும்பாலும் சிகிச்சையில் சரியாகிவிடும். ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.